ஞாயிற்றுக்கிழமை பிசியோ

அந்த அக்காவை நினைத்தால் முதலில் வருவது, ஐ.சி.யூ. கண்ணாடிக் கதவில் படபடவென்று விழுந்த அவருடைய உள்ளங்கைதான். உள்ளே நான் அவர் கணவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கையைக் குவித்து முதுகில் தட்டிக்கொண்டிருந்தேன். நெஞ்சில் கட்டிய சளி இளகி மேலே வருவதற்காகப் பிசியோதெரபிஸ்ட்கள் செய்வது அது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது அடி.

"இன்னாமா, சாவப் பொழைக்கக் கீற மன்சனப் போட்டு இப்டி அட்ச்சிக்கினு கீற? உங்கப்பனா இருந்தா அடிப்பியா?"

"எங்கப்பாவா இருந்தா இன்னும் ரெண்டு சேர்த்தே தட்டுவேன்க்கா" என்றேன். படித்து முடித்துச் சேர்ந்த முதல் வேலை. வாய் அப்படி ஓடும். நர்ஸ் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை.

கோவளம் பக்கத்துக் குப்பத்தில் மீன் விற்பவர் அவர். கடலுக்குப் போகிற கணவர் நிமோனியா முற்றி, தாம்பரத்தில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் வென்டிலேட்டரில் கிடந்தார். ஒரு சனிக்கிழமை காலை தொண்டையிலிருந்த வென்டிலேட்டர் குழாயை எடுத்தார்கள். என் வேலை அதன்பிறகுதான் கூடும். உட்கார வைக்க வேண்டும், இரும வைக்க வேண்டும், சளி தங்கவிடக் கூடாது. தங்கினால் மறுபடி குழாய். அதை இந்த உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஐ.சி.யூ., வார்டுகள், கீழே முழங்கால் வலிக்காரர்களின் வரிசை, எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பிசியோ நான் ஒருத்திதான். ஞாயிறு எனக்கு லீவு. நோயாளியின் நெஞ்சுக்கு அது தெரியாது.

மேனேஜர் சாரிடம் ஓடினேன். ஐ.சி.யூ.வுக்கென்று இன்னொரு ஆள் வேண்டும் என்று நான் கேட்பது அது முதல்முறை அல்ல.

"உனக்கு ஆர்வம் ஜாஸ்திம்மா, நல்லதுதான். ஐ.சி.யூ.வுக்குன்னு தனியா ஒரு பிசியோ எதுக்கு? பார்க்கலாம், யோசிச்சுக்கிட்டுதான் இருக்கோம்."

மறுநாள் மாடம்பாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து நானே வந்து நின்றேன். தட்டினேன், உட்கார வைத்தேன், இருமச் சொன்னேன். மதியம் திரையில் ஆக்சிஜன் எண் இறங்கத் தொடங்கியது. குழாய் போட எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டார்கள். அக்கா கதவுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை கதவைத் தட்டவில்லை. பிறகு அடிவயிற்றிலிருந்து ஓர் இருமல் கிளம்பி, பச்சையாய் ஒரு கட்டி வெளியே விழுந்தது. திரையில் எண் ஏறியது. எடுத்து வைத்தவற்றை நர்ஸ் திரும்ப உள்ளே வைத்தார்.

அக்காவின் கணவர் டிஸ்சார்ஜ் ஆகித் தன் காலாலேயே நடந்து வெளியே போனார். மேனேஜர் சார் என் தோளில் தட்டாத குறைதான். "பார்த்தியா, ஒரே ஆள்லயே முடியுது!" இன்னொரு பிசியோ என்ற பேச்சு அத்தோடு முடிந்தது. அடுத்த டூட்டி லிஸ்டில் ஞாயிற்றுக்கிழமைக்கு நேராகவும் என் பெயர் இருந்தது. கோபமா, வருத்தமா என்று எனக்குள் தேடிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. போய்க்கொண்டிருக்கிறேன்.

போன ஞாயிறு, வார்டில் இருக்கும் சொந்தக்காரரைப் பார்க்க அக்காவும் கணவரும் வந்திருந்தார்கள். லிஃப்ட் வாசலில் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாமா எளச்சிப் போய்ட்ட? ஞாயித்துக்கெழமயும் நீதானா? வேற ஆளே இல்லியா?"

"இல்லக்கா."

"அப்ப, நீ ஒடம்பு முடியாம பட்த்துக்கினா?"

லிஃப்ட் வந்தது. நாங்கள் மூவரும் ஏறிக்கொண்டோம்.