விற்றுப்போன பை

எட்டு மாடிக் கட்டடத்தில் லிப்ட் ஓட்டுகிறவர் அவர். கம்பிக்கதவை இழுத்துச் சாத்தி, பித்தளைப் பிடியைத் திருப்பினால்தான் அந்தப் பழைய லிப்ட் நகரும். இருபது வருடமாக ஒரே முக்காலியில் உட்கார்ந்து மேலும் கீழுமாகப் போய்வந்தவருக்குப் போன வருடம் காசநோய் வந்தது. ஆறு மாதம் மருந்து சாப்பிட்டு, குணமாகிவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த தாளோடு வேலைக்குத் திரும்பினார்.

தாளை மேனேஜர் படித்தார். மற்றவர்கள் படிக்கவில்லை. லிப்ட் வாசலில் கூட்டமாக நிற்பவர்கள் அவர் முகத்தைக் கண்டதும், "நடந்தா உடம்புக்கு நல்லது" என்று படிக்கட்டுப் பக்கம் திரும்பினார்கள். ஏறியவர்களும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார்கள்.

வீட்டில் கிடந்த மாதங்களில் அவர் பின்னல் கற்றிருந்தார். அவர் மனைவி ஒரு கடைக்குக் குழந்தைகளின் கம்பளிக் குல்லாய்கள் பின்னிக் கொடுப்பவள். "சும்மா விட்டத்தைப் பார்த்துட்டுக் கிடக்காம இதைப் பிடிங்க" என்று ஒருநாள் இரண்டு ஊசிகளை நீட்டினாள். அவருக்கு மருந்து வாங்கித் தந்து, வாரம் தவறாமல் வந்து பார்த்தது ஒரு தொண்டு அமைப்பு. அங்கிருந்து வரும் நர்ஸம்மா, "நோயாளிங்களுக்காகக் கைவேலைப் பொருள் விக்கப்போறோம். நீங்களும் ஏதாவது தாங்களேன்" என்று கேட்டபோது, பை பின்னித் தருவதாகச் சொல்லிவிட்டார்.

மூன்று வாரம் பிடித்தது. பச்சை நூல், நடுவில் இரண்டு பழுப்புக் கோடு. அடிப்பக்கத்தை நான்கு தடவை பிரித்துப் போட்டார். அப்படியும் ஒரு கைப்பிடி இன்னொன்றைவிட இரண்டு விரற்கடை நீளம். "தோள்ல போட்டா தெரியாது" என்றாள் மனைவி. 'பின்னியவர்: இந்தக் கட்டடத்தின் லிப்ட்காரர், நோயிலிருந்து குணமானவர்' என்று நர்ஸம்மா ஒரு அட்டை எழுதிக் கட்டினாள்.

விற்பனை அவர் வேலை பார்க்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்திலேயே நடந்தது. கம்பிக்கதவு வழியாக அவருக்கு மேசை தெரியும். மெழுகுவத்திகள் போயின, பொம்மைகள் போயின. பையை எடுத்தவர்கள் அட்டையைப் படித்ததும் நெருப்பைத் தொட்டதுபோல வைத்தார்கள். சாயங்காலம் எட்டாம் மாடி டைப்பிஸ்ட் அம்மா வந்து, அட்டையைப் படித்து, பையை வாங்கிக்கொண்டு போனாள்.

வீட்டில் சொன்னார். மனைவிக்குக் கால் தரையில் பாவவில்லை. அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் சொன்னாள். "நான் அப்பவே சொல்லல? இன்னொண்ணு ஆரம்பிங்க" என்று புது நூல்கண்டை எடுத்து வைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் துப்புரவு செய்கிறவள் குப்பை மூட்டையோடு எட்டாம் மாடியில் லிப்டில் ஏறினாள். மூட்டையின் வாய் சரியாகக் கட்டியிருக்கவில்லை. கசங்கிய காகிதங்களுக்கு நடுவே பச்சை நிறம் தெரிந்தது. அட்டைகூட அவிழ்க்கப்படவில்லை.

"உங்களுது தானேண்ணே?" என்றாள் அவள், மெதுவாக.

"ஆமாம்மா. யாருகிட்டயும் சொல்லிடாத."

பையை மூட்டையிலிருந்து எடுத்து, லிப்டின் மோட்டார் அறையில் கயிற்றுச் சுருளுக்குப் பின்னால் வைத்தார். வீட்டில் வாய் திறக்கவில்லை. இரண்டாவது பைக்கு ஊசியை எடுத்தால் நாலு கண்ணிக்கு மேல் கை ஓடவில்லை. கண் வலிக்கிறது என்றார்.

அடுத்த வாரம் டைப்பிஸ்ட் அம்மா லிப்டில் தனியாக ஏறினாள். மூன்றாவது மாடி தாண்டியதும், "பை ரொம்ப நல்லா இருக்கு. வீட்ல எல்லாருக்கும் பிடிச்சுப்போச்சு" என்றாள்.

"சந்தோஷம்மா" என்றார் அவர். மீதி ஐந்து மாடியும் பிடியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

நர்ஸம்மா மறுபடி வந்து அடுத்த விற்பனைக்குப் பை கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். "பை வேணாம்மா. ஒரு நாள் வந்து இந்தக் கட்டடத்துல வேலை பாக்கிறவங்ககிட்ட அந்த வியாதியைப் பத்திப் பேசிட்டுப் போங்க. அது போதும்."

மேனேஜரைக் கேட்டு, மூன்று மாதம் இழுத்தடித்து, ஒரு மதிய இடைவேளையில் கூட்டம் நடந்தது. போட்டது முப்பது நாற்காலி, வந்தது ஒன்பது பேர். அவர் கதவோரம் நின்றார். கடைசி வரிசையிலிருந்து டைப்பிஸ்ட் அம்மா கேட்டாள்: "அந்த வியாதி வந்தவங்க செஞ்ச பொருள், துணிமணி... அதுல ஒட்டிக்கிட்டு வருமா?"

"வராது" என்றாள் நர்ஸம்மா. "காத்து வழியாத்தான் பரவும். பை, துணி, தட்டு எதுலயும் ஒட்டாது. மருந்தை ஒழுங்கா முடிச்சுக் குணமானவங்ககிட்ட இருந்து காத்து வழியாவும் வராது."

டைப்பிஸ்ட் அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. கூட்டம் முடிந்து லிப்டில் ஏறியவள் எட்டாம் மாடி வரை தலை குனிந்தே நின்றாள். கதவைத் திறந்ததும், "என் மாமியார் பயந்தாங்க. இல்ல, நானும்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். தனக்குக் கோபம் வரும் என்று அவர் நினைத்திருந்தார். வரவில்லை. அலுப்பாக இருந்தது.

அன்றைக்குத்தான் பையை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவி முன்னால் வைத்து, நடந்ததைச் சொன்னார். அவள் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அட்டையைப் படித்தாள்.

"தூக்கிப் போட்டவளை விடுங்க. நான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"உன் சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரல."

"இருமலையும் இப்படித்தான் ரெண்டு மாசம் மறைச்சீங்க. ரத்தம் வந்தப்புறம்தான் எனக்குத் தெரிஞ்சுது." அவள் பையைக் கீழே வைத்தாள். "வியாதி போயிடுச்சு. இந்தப் பழக்கம் போகலையே."

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். சாப்பிடக் கூப்பிட வெகுநேரம் ஆயிற்று.