இரண்டும் வெள்ளைதான்

மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பெர்னான் லாவேர்டியேர் குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு தன் தொடையிடுக்கை மழிக்கிறார். ஆஸ்பத்திரியிலேயே செய்துவிடுவார்கள்; அவர் விடுவதில்லை. பெரும்பாலும் தப்பான பக்கத்தை மழித்துக்கொண்டு போய் நிற்பார்.

"மறுபடியும் இடதா? குழாய் விடுறது வலதுலன்னு எத்தனை தடவ சொல்றது?" என்று நர்ஸ் மிரேய் தலையில் அடித்துக்கொள்வாள்.

"கண்ணாடியில வலதாத்தான் தெரிஞ்சுது தாயே."

ஷெர்புரூக் நகரசபைக்காக முப்பத்தோரு குளிர்காலம் பனி வாரும் வண்டி ஓட்டியவர். மூளைக் கட்டியை அறுத்தார்கள், கதிர்வீச்சு கொடுத்தார்கள். அது திரும்ப முளைத்தது. இப்போது தொடையில் நுழைக்கும் மெல்லிய குழாயைக் கழுத்துவரை ஏற்றி, கட்டிக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியிலேயே மருந்தை விடுகிறார்கள். "கையில ஊசின்னா, பனி உருகறதுக்கு ஊரு பூரா உப்புத் தூவுற மாதிரி. இது அந்த ஒத்தத் தெருவுல மட்டும் கொட்டுறது" என்று மனைவி சொலாஞ்சுக்கு விளக்கியிருக்கிறார். மருந்து இறங்கும்போது கண்ணுக்குப் பின்னால் சூடேறும். அப்போது வெல்லிங்டன், கால்ட், பெல்வெடேர் என்று தன் தெருக்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவார். "ஒரு தெரு விட்டுப்போச்சுன்னா மருந்த நிறுத்திடு" என்பது மிரேய்க்கு அவர் போட்டிருக்கும் உத்தரவு.

போன செவ்வாய்க்கிழமை அவர் மேசையில் ஏறுமுன் டாக்டர் புது ஸ்கேன் படத்தைக் காட்டினார். வெள்ளைத் திட்டு பெரிதாகியிருந்தது.

"கட்டி செத்து வீங்கியிருந்தா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம், தொடரணும். வளந்திருந்தா இந்த மருந்தால பிரயோசனமில்ல, நிறுத்தணும். படத்துல ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்."

"அப்ப நான் தேறுறேனா, போறேனா?"

"தெரியல. இன்னிக்கு விடலாம், இல்ல, நிறுத்திட்டு ரெண்டு மாசம் பாக்கலாம். நீங்கதான் சொல்லணும்."

பெர்னான் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். "காஞ்ச உப்பும் வெள்ளை, உறைஞ்ச பனியும் வெள்ளை. வண்டிய விட்டு எறங்கி மிதிச்சுப் பாத்துருவேன். இதுல எங்க எறங்குறது?" சொலாஞ்சிடம் திரும்பினார். "நீ சொல்லேன்."

"உன் தலைக்குள்ள என்ன இருக்குன்னு நாப்பது வருசமா எனக்குத் தெரிஞ்சதில்ல. இன்னிக்கு மட்டும் எப்படிய்யா?" என்றாள். சிரிக்கத்தான் முயன்றாள்.

அவர் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு மேசையில் ஏறிப் படுத்தார். மிரேய் கையுறை மாட்டினாள். பெர்னான் வீட்டுக்குக் கிளம்புகிறவர் போல உடனே எழுந்து இறங்கி, வலது பூட்ஸை மாட்டிக் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டார். இடது பூட்ஸைக் கையில் எடுத்து அதன் உள்ளே வெகுநேரம் பார்த்தார். பிறகு அதை நெஞ்சோடு அணைத்தபடி மறுபடியும் மேசையில் ஏறிப் படுத்துக்கொண்டார்.