சிந்துஜாவைக் கிளிநொச்சியில் விட்டுவந்த நாள்

போன திங்கட்கிழமை பேத்தி சிந்துஜாவைக் கிளிநொச்சியில் பல்கலைக்கழக விவசாயபீடத்தில் சேர்த்துவிட்டு வந்தேன். பிள்ளைகளைக் கொண்டுபோய் விடப் போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். அவளுடைய தாய் தகப்பன் கனடாவில். சண்டிலிப்பாய் வீட்டில் நாங்கள் இருவர்தான்.

உயர்தரப் பரீட்சையில் இரண்டாம் தரமும் அவளுக்கு மருத்துவம் தவறி, விவசாயம்தான் கிடைத்தது. மூன்று தரம் எழுதலாம் என்பதால் ஊரில் ஒருவரும் விடவில்லை. "டொக்டருக்கு இன்னொருக்கா எடுக்கட்டன். தோட்டம் கொத்தவோ கம்பஸ்?" என்று கேட்டவர்கள் எல்லாரும் புகையிலைத் தோட்டக்காரர்தான். கம்பஸில், அதுதான் பல்கலைக்கழகத்தில், பதிந்துவிட்டால் மூன்றாம் தரம் இல்லை. மறைப்பானேன், எனக்கும் ஆசை இருந்தது. மூன்றாம் தரம் என்றால் இன்னொரு வருஷம் என்னோடு இருப்பாள்.

காலை 5.40க்கு பஸ் ஏறினோம். யாழ்ப்பாணம் பதினொரு கிலோமீற்றர், ஆளுக்கு 70 ரூபாய். அங்கிருந்து 6.45 பஸ், 300 ரூபாய், ஒன்றே முக்கால் மணித்தியாலம். ஆனையிறவில் இருபக்கமும் தண்ணீர் வந்தது. பார்க்க வடிவான இடம்.

கிளிநொச்சியில் ஓட்டோ 600 ரூபாய். விவசாயபீடம் என்றதும் ஓட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"எத்தினையாந் தரம், ஆச்சி?"

"ரெண்டு."

"அப்ப ஒண்டு மிச்சம் கிடக்கெல்லே. ஏன் வீணாக்கிறியள்?"

"நீர் எத்தினை தரம் எடுத்தனீர், தம்பி?"

"மூண்டும்."

பிறகு அவர் வீதியைப் பார்த்தே ஓட்டோவை ஓட்டினார்.

வாசலில் சிந்துஜா இறங்கவில்லை. பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"அம்மம்மா, நான் திரும்பி வாறன். மூண்டாந்தரமும் எடுத்துப் பாக்கிறன். நீங்களும் தனியவெல்லே."

ஓம் என்று வாய்வரை வந்துவிட்டது. அந்த ஒரு சொல்லுக்கு அவள் வந்திருப்பாள்.

"உனக்கு டொக்டராக விருப்பமோ?"

"இல்லை."

"அப்ப இறங்கு, பிள்ளை."

இறங்கினாள். பதிந்து, விடுதி அறையும் பார்த்து, 1.15க்கு நான் பஸ் ஏறினேன். பக்கத்து இருக்கையில் யாழ்ப்பாணம் வரை ஒருவரும் இருக்கவில்லை.

ஊரில் கேட்கிறவர்களுக்கு என் பேத்தி விவசாயம் படிக்கிறாள் என்று தலை நிமிர்த்தித்தான் சொல்கிறேன். எங்கள் பரம்பரையில் கம்பஸ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்.

போகிறவர்கள் அடையாள அட்டையின் பிரதி நாலு எடுத்துப் போங்கள். விடுதி அலுமாரிக்குப் பூட்டும் வேண்டும். எல்லாம் முடிந்ததும் அங்கே நிற்காமல் வெளிக்கிடுங்கள். இருட்ட முன்னம் வீட்டுக்கு வந்து, எல்லா அறையிலும் லைற்றைப் போட்டுவிட்டுத்தான் இருக்க வேண்டும்.