திரி இல்லாத விமானம்

விருதுநகர் பஜாரில், என் தாய்மாமா கடையில் நான் விமானம் விற்றுக்கொண்டிருந்தேன். சொன்னால் யாரும் நம்புவதில்லை. பருப்பும் மிளகாய் வத்தலும் எண்ணெயுமாக மணக்கிற தெருவில், எங்கள் கடை உத்தரத்தில் மட்டும் குட்டி விமானங்கள் தொங்கின. நெட்டி மாதிரி கனமே இல்லாத மரம், மெல்லிய காகித இறக்கை, வயிற்றுக்கடியில் நீளமாக ஒரு ரப்பர். மூக்கிலிருக்கும் காற்றாடியைச் சுற்றி ரப்பரை முறுக்கி விட்டால் பறக்கும். அறுபதுகளின் தொடக்கம் அது. மத்தியானக் காற்று உள்ளே நுழையும்போது அத்தனை விமானங்களும் ஒரே திசையில் மெல்லத் திரும்பும். கடையே கிளம்பிவிடப் போகிறது என்று தோன்றும். மாமா கல்லாவில் உறங்கிக்கொண்டிருப்பார்.

அந்தக் கனவைக் கலைப்பதற்கென்றே ஆட்கள் வருவார்கள். அவர்களுக்குப் பதில் சொல்வது என் வேலை. சிவகாசிப் பக்கத்துக்காரர்கள் விமானத்தைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்பார்கள்.

"திரி எங்கன இருக்கு?"

திரி கிடையாது என்பேன். "அப்ப மேல போயி எப்படி வெடிக்கும்?" வெடிக்காது என்பேன். வெடிக்காததுக்கு எதுக்கு இம்புட்டு விலை என்று வைத்துவிட்டுப் போவார்கள். வாங்கிப்போன ஆமத்தூர்க்காரர் ஒருவர் மறுநாளே திருப்பிக் கொண்டுவந்தார். "பறந்துச்சு. சும்மா எறங்கிருச்சு." அதுதான் அவருடைய புகார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மாமா ஒரு கண்ணைத் திறப்பார். அடக்கிக்கொள்வேன்.

அதனால், ஏழாயிரம்பண்ணையிலிருந்து வத்தல் மூட்டை கொண்டுவந்த சம்சாரி ஒருவர் தன் சின்ன மகளோடு கடைக்குள் வந்தபோது நான் முந்திக்கொண்டேன்.

"திரி கிடையாது அண்ணாச்சி. வெடிக்காது."

"நெசமாவா?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அதத்தான் தம்பி தேடிக்கிட்டு இருக்கேன்."

மகள் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவர்கள் பருத்திக்காட்டை ஒட்டிய பட்டாசுக் கம்பெனியில் ஒரு மருந்து ஷெட் வெடித்தபோது அவள் செடிகளுக்குள் நின்றிருக்கிறாள். காயம் ஒன்றும் இல்லை. அன்று பொத்தியதுதான்.

"வீட்டுக்குள்ள கையை எடுப்பா. வெளிய வந்தாப் பொத்திக்கிருவா. தீவாளி வேற வருது. மேல போற எல்லாமும் வெடிச்சிராதுன்னு ஒருக்கக் காட்டிரணும் தம்பி" என்றார்.

கடைக்குப் பின்னால் வத்தல் காயப்போடும் களம். அங்கே ஒரு விமானத்தை முறுக்கி விட்டேன். சிவப்புக்கு மேலே அது சத்தமில்லாமல் வட்டமடித்தது. அதன் நிழல் வத்தல் மீது ஊர்ந்து போனது. எனக்கு ஊர், கடை, மாமா எல்லாம் மறந்துவிட்டன. அவளோ அது வெடிப்பதற்காகக் காத்திருந்தாள். விமானம் வத்தல் குவியலில் வந்து படுத்தது. மறுபடி விட்டேன். மறுபடியும் இறங்கியது. அவள் கை மட்டும் இறங்கவில்லை. அவள் அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஏ பிள்ள, நீயே வாலப் பிடி. ரெண்டு கையாலயும் பிடி, கீழ விழுந்தா காகிதம் கிழிஞ்சுரும்" என்று விமானத்தை அவளிடம் நீட்டினேன். விழுந்துவிடுமோ என்ற பதற்றத்தில் சட்டென்று பிடித்துக்கொண்டாள். நான் காற்றாடியைச் சுற்றினேன். எங்கள் ஊர் வெயிலில் ரப்பர் சீக்கிரம் நைந்துபோகும். அந்த வேகத்தில் அது எங்கே நினைவுக்கு வந்தது? சுற்றிக்கொண்டே இருந்தேன்.

பட்டென்று அறுந்தது. ஊசிவெடிச் சத்தம்.

நான் துள்ளிவிட்டேன். "ஐயோ" என்று அப்பா ஓடிவந்தார். அவள் கண்ணை இறுக மூடியிருந்தாள். ஆனால் விமானத்தை விடவில்லை. மெதுவாகக் கண்ணைத் திறந்து, தொங்கிய ரப்பரைப் பார்த்தாள்.

"அம்புட்டுத்தானா?" என்றாள்.

 அப்பா துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"இதையே கட்டுங்க தம்பி. ரப்பர் மட்டும் கூட நாலு போடுங்க."

"ஒண்ணு போதும் அண்ணாச்சி. வெளக்கெண்ண தடவி வச்சா அறாது."

"அறணும் தம்பி" என்றார்.