கஃபன் பெட்டியும் கைசர் ஜஹானும்

"உன் மாமியார் எத்தனை தடவைம்மா மௌத்தாவாங்க?"

கச்சேரி ரோட்டுக் குடைக்கடை வாசலில் குலாம் ரசூல் இப்படிக் கேட்டது, கடையை ஒட்டிய வீட்டில் தட்டிக்குப் பின்னால் நின்ற இரண்டு பெண்களின் காதிலும் விழுந்தது. ஒருத்தி அவருடைய தங்கை கைசர் ஜஹான். இன்னொருத்தி வஜீஹா, அவருடைய தம்பி ஹபீபுர் ரஹ்மானைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்த புதிது. வஜீஹாவுக்கு அந்தப் பேச்சு ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது.

வாசலில் நின்றவள் குல்ஷன். கால்வாய்க்கரைக் குடிசையில் ஆப்பம் சுட்டு விற்கிறவள்.

"இன்னா பாய் அப்படிக் கேக்கறீங்கோ? போன வருஷம் மௌத்தானது மூத்த மாமியாரு. எம் மாமனாருக்கு ரெண்டு கல்யாணம்."

"ரம்ஜானுக்கு முன்னால வந்து வாங்கிட்டுப் போனியே, அது?"

"அது சின்ன மாமியாரு."

"அப்ப இன்னிக்கு?"

குல்ஷன் யோசித்தாள். மூன்றாவது மாமியாரைச் சேர்க்கலாமா என்று பார்த்திருப்பாள். பிறகு துணிந்து, "உங்க வூட்ல கேள்வியே கேக்க மாட்டாங்கன்னு சொன்னாங்களே பாய்," என்றாள்.

அவள் சொன்னது உண்மை. ஏழை வீட்டில் ஒரு மௌத் என்றால், இறந்தவரின் மய்யித்தைப் பொதிய வேண்டிய கஃபன் துணியை இந்த வீடு கொடுக்கும். அது குலாம் ரசூலின் பாட்டனார் ஏற்படுத்திய தர்மம். துக்கத்தோடு வருகிறவரை நிறுத்திவைத்து ஒரு கேள்வி கேட்கக் கூடாது என்பது அந்தப் பாட்டனாரே போட்ட விதி. அந்த வட்டாரத்தில் குடைக்கடை என்றால் சிலருக்குத் தெரியாது. கஃபன் வீடு என்றால் எல்லோருக்கும் தெரியும். பெண் பார்க்கப் புறப்படுகிறவர்கள் அந்த வாசலைத் தவிர்த்துச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போவார்கள். குலாம் ரசூலுக்கு அதிலும் ஒரு பெருமை.

கஃபன் பெட்டியைத் திறந்து வெள்ளைத் துணியை எடுத்துக் கொடுத்தார். கொடுத்த வேகத்தில் பெட்டி மூடி படாரென்று விழுந்தது.

கைசர் ஜஹான் குல்ஷனைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டாள். "இப்பச் சொல்லு. யாரு மௌத்?"

"ஆரும் இல்ல ஆப்பா. மவளுக்குப் புள்ள பொறந்துகீது. சுத்தி வைக்க ஒரு துணி இல்ல. உசுரோட கீறவங்களுக்குன்னு கேட்டா ஆரு குடுக்கறா?"

கைசர் ஜஹானின் முகத்தில் அப்போது வந்த எரிச்சல் குல்ஷன்மேல் வந்ததல்ல. அது கடைசிவரை அவளை விட்டுப் போகவும் இல்லை.

சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்துப் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள் அவள். பிள்ளை இல்லை. வெள்ளைச் சேலையும், சமையற்கட்டும், நோன்புக் காலத்தில் கஞ்சி கிண்டுகிற பெரிய தேக்சாவுமாகக் காலம் போய்க்கொண்டிருந்தது. வீட்டில் எல்லா வேலைக்கும் அவள் வேண்டும். எந்தப் பேச்சுக்கும் வேண்டாம். அப்படிப்பட்டவள் அன்று அஸர் தொழுகை முடித்து வந்த அண்ணனைக் கடைக்குப் போகவிடாமல் தட்டிக்கு இந்தப்பக்கமே நிறுத்திவிட்டாள்.

"பாய்ஜான், ஒரு ஆளு செத்தாத்தான் நம்ம வீட்டுத் துணி அந்த ஆளு மேல படணுமா?"

"கஃபன்னா வேற என்னம்மா?"

"இருக்கறவரைக்கும் கந்தலோட இருன்னு விட்டுட்டு, கண்ணை மூடினதும் புதுத் துணியோட ஓடறோம். இதுக்குப் பேரு தர்மமா?"

"பாட்டனார் சொன்னதை நான் மாத்த மாட்டேன்."

"அவர் கேள்வி கேக்காதேன்னும் சொன்னார். நீங்க இன்னிக்கு மூணு கேட்டீங்க."

குலாம் ரசூல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு, தீர்மானம் சொல்ல முடியாத ஆண்கள் எப்போதும் செய்வதையே செய்தார். குடும்பக் கூட்டம் கூட்டினார்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்த சித்தப்பாமாரும் பங்காளிகளும் பிரியாணி சாப்பிட்டார்கள். சாப்பிட்டுவிட்டுக் கஃபனைப் பற்றிப் பேசினார்கள். ஹபீபுர் ரஹ்மான் அப்போதுதான் கதர் கட்ட ஆரம்பித்திருந்தார். மான்செஸ்டர் துணியில் மய்யித்தைப் பொதிவது தேசத்துரோகம் என்றார். கதர் முரடாக இருக்குமே என்றார் ஒரு சித்தப்பா. யாருக்கு உறுத்தப்போகிறது என்றார் இன்னொருவர். பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொல்லும்வரை இதே வாதம். கூட்டம் எதற்காகக் கூட்டப்பட்டது என்பதே மறந்துபோயிற்று.

எச்சில் தட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த கைசர் ஜஹான், "செத்தவனுக்கு எந்த ஊர்த் துணின்னு இத்தனை அக்கறை," என்று வஜீஹாவிடம் சொன்னாள். "இவங்க வாயைப் பொத்த ஒரு துணி இருந்தாத் தேவலை."

வஜீஹா சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு கைசர் ஜஹான் யாரையும் கேட்கவில்லை. பெட்டியின் இரண்டாவது சாவி அவளிடம் இருந்தது. தூசி தட்டிச் சுத்தம் செய்ய ஒரு பெண் வேண்டும் என்று அவளிடம் கொடுத்துவைத்தவர்கள் வீட்டு ஆண்களேதான். குல்ஷனிடம் சொல்லியனுப்பினாள்: "பொய் சொல்ல வேணாம். கொல்லைப்பக்கம் வாங்க. துணி வேணும்னு மட்டும் சொன்னாப் போதும்." வந்தார்கள். பிள்ளை பெற்றவள் வந்தாள். ஒட்டுப் போட்ட சேலையோடு ஒருத்தி வந்து, மாற்றுச் சேலை இல்லாததால் துவைத்தது காயும்வரை வெளியே தலைகாட்ட முடிவதில்லை என்றாள். கைசர் ஜஹான் யாரிடமும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பாட்டனாரின் விதியை அந்த வீட்டில் ஒழுங்காகக் காத்தவள் அவள் ஒருத்திதான்.

ஆனால் பெட்டிக்கு அடி இருக்கிறதல்லவா?

ஊரெங்கும் கடையடைப்பு நடந்த ஒரு நாள் காலையில், ஜட்கா வண்டிக்காரர் பீர் முஹம்மது மௌத்தாகிவிட்டார். அவருடைய மகன் வாசலில் வந்து நின்றான். குலாம் ரசூல் பெட்டியைத் திறந்தார். உள்ளே நாப்தலின் உருண்டைகள் மட்டும் இருந்தன.

"கைசர்!"

அந்தக் குரலுக்கு வஜீஹாவின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"கஃபன் வீட்டில கஃபன் இல்லே! பஜார்ல ஒரு கதவு திறக்கலே. கடை நிறையக் குடைத் துணி, அத்தனையும் கறுப்பு! அந்தப் புள்ளைக்கு நான் என்ன பதில் சொல்வேன்? பக்கத்து வீட்ல போய்ப் பிச்சை கேக்கவா? உன் தர்மம் என்னைத் தெருவில நிறுத்திடுச்சே!"

அண்ணன் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த மகன் அழுதுகொண்டு நின்றான். கைசர் ஜஹான் உள்ளே போய்த் தன் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். அடியில் ஒரு பொட்டலம் இருந்தது. அவளுடைய புருஷன் ஹஜ்ஜுக்குப் போனபோது, தனக்கொன்றும் அவளுக்கொன்றுமாகக் கஃபன் வாங்கி மக்காவின் ஜம்ஜம் கிணற்று நீரில் நனைத்துக் காயவைத்துக் கொண்டுவந்திருந்தார். அவருடையதை அவர் சீக்கிரமே எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவளுடையது இத்தனை காலம் காத்திருந்தது.

"அது உன்னுது," என்றார் குலாம் ரசூல். குரல் இறங்கிவிட்டது.

"நான் இன்னும் இருக்கேனே பாய்ஜான்."

கஃபன் என்றால் பெண்ணுக்கு ஐந்து துண்டு, ஆணுக்கு மூன்று. மீந்த இரண்டு துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அண்ணன் விழித்தார். கைசர் ஜஹான் அவற்றை வாங்கி மடித்து, கொல்லைக் கதவருகே ஆணியில் மாட்டினாள். மறுநாள் அவை அங்கே இல்லை.

அடுத்த மாதம் கைவண்டியில் இன்னொரு பெட்டி வந்து இறங்கியது. அண்ணனுக்கு மனம் மாறிவிட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். "கஃபன் பெட்டியில கை வெச்சா கையை முறிப்பேன். உன் ஜனங்களுக்கு இது," என்று உறுமிவிட்டுக் கடைக்குப் போனார். அந்தப் பெட்டி காலியாகும்போதெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே நிரப்பவும் செய்தார். கதரா மில் துணியா என்ற வழக்கு மட்டும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பிரியாணியோடு நடந்தது.

காய்ச்சலில் படுத்திருந்த ஒரு மத்தியானம் கைசர் ஜஹான் வஜீஹாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"வஜீஹா, எனக்கு நேரம் வந்தா பாய்ஜான் கஃபன் பெட்டியத் திறந்து புதுசு எடுக்கப் பார்ப்பார். விடாதே. நான் உடுத்தின வெள்ளைச் சேலை ரெண்டைத் துவைச்சு டிரங்குப் பெட்டியில வெச்சிருக்கேன். கிழிச்சா அஞ்சு துண்டு சரியா வரும். எனக்கு அது போதும். புதுசை, கொல்லைப்பக்கம் வந்து நிக்கறவ கையில கொடு. யாருன்னு மட்டும் கேட்டுடாதே."