டாக்டர் ஜமீலாவின் எக்ஸ்ரே வண்டி

திங்கட்கிழமை காலை, நல்லேப்பிள்ளியில் நான் நர்ஸாக இருக்கும் முதியோர் இல்லத்தில் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தபோது கபீர் அழைத்தார். எக்ஸ்ரே வண்டியின் டெக்னீஷியன். "சிஸ்டர், டாக்டரம்மா போயிட்டாங்க" என்றார். நெஞ்சுவலியாம். பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

துக்கம் கேட்க வந்த உறவினர் ஒருவர், "ரிட்டயர் ஆனதும் ஊட்டுல நிம்மதியா இருந்திருக்கலாம்" என்றார். டாக்டர் ஜமீலாவை அறிந்தவர்களுக்குத் தெரியும், அது அவர் காதில் விழுந்திருந்தால் சண்டைக்கே வந்திருப்பார். ஜவுளிக்கடைக் குடும்பத்துப் பெண்; பேரம் பேசத் தெரியும், பணியத் தெரியாது. ஓய்வு பெற்றதும் தூக்கிச் செல்லும் எக்ஸ்ரே கருவி ஒன்றை வண்டியில் ஏற்றி, முதியோர் இல்லங்களுக்குக் கிளம்பினார். "எந்திரிக்க முடியாதவங்கள நம்மகிட்ட வரச் சொல்றோமே, நமக்குக் கால் இல்லையா?" என்பார்.

எங்கள் இல்லத்துப் பழனியம்மாள் பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்து படுக்கையிலேயே கிடந்தார். தொட்டாலே அலறினார். வயதானால் வலிக்கத்தான் செய்யும் என்றார் மேலாளர். டாக்டரை நான்தான் வரவழைத்தேன். பாட்டியைக் கட்டிலிலிருந்து இறக்காமலே கபீர் படம் எடுத்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

பாட்டியின் மகன் தயங்கினார். "ஏனுங்க டாக்டர், இந்த வயசுல ஆபரேசன் தாங்குமுங்களா?"

"ஒடைஞ்ச எலும்போட கிடக்கறது மட்டும் தாங்குமா?"

பழனியம்மாள் கட்டிலிலிருந்தே சொன்னார்: "பண்ணச் சொல்லு கண்ணு. நான் நடக்கோணும்."

நடந்தார். ஆனால் டாக்டர் தன் அறிக்கையில் 'பழைய முறிவு' என்று எழுதியிருந்தார்; விழுந்தவரைப் பல நாள் கவனிக்காமல் விட்டது அதில் தெரிந்துவிடும். 'பழைய' என்ற சொல்லை எடுத்துவிடும்படி மேலாளர் கேட்டார். "படத்துல இருக்கறதத்தான் எழுதுவேன். உங்க விருப்பத்துக்கு எழுத இது என்ன கல்யாணப் பத்திரிகையா?" என்றார் டாக்டர். அடுத்த முறை வண்டி வந்தபோது கேட்டைப் பூட்டிவிட்டார்கள்.

டாக்டர் திரும்பிப் போகவில்லை. சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி, வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். உள்ளே பழனியம்மாள் வாக்கரைத் தள்ளிக்கொண்டு கேட்டருகே வந்து நின்றார். "தொறங்க. இல்லாட்டி நானும் இங்கயேதான் நிப்பேன்." பின்னால் சக்கர நாற்காலிகள் வந்தன. முதல் நாற்காலியைத் தள்ளியவள் நான். வேலை போய்விடும் என்று மேலாளர் மிரட்டினார். போகட்டும் என்றேன். அதற்குள் பழனியம்மாளின் மகனும் வந்து சேர்ந்து சத்தம் போட, சாவி வந்தது. அதன் பிறகு அந்தக் கேட் வண்டிக்கு மூடியதில்லை. பக்கத்துப் பெருமாட்டியில் இருக்கும் முதியோர் இல்லங்களும் கூப்பிடத் தொடங்கின.

படம் எடுக்குமுன் டாக்டர் ஒவ்வொருவரின் கையையும் பிடித்து, "எங்க வலிக்குது?" என்று கேட்பார். பேச்சு போனவர்களிடமும் கேட்டுவிட்டுக் காத்திருப்பார். அவர்கள் கண்ணோ விரலோ அசையும் வரை படம் கிடையாது.

டாக்டரிடமிருந்து அந்தக் காத்திருப்பை நான் எடுத்துக்கொண்டேன். நேரமில்லை என்று யார் அவசரப்படுத்தினாலும், எங்கே வலிக்கிறது என்று கேட்டு, பதில் வரும் வரை கட்டிலை விட்டு நகர மாட்டேன்.