செல்லாயிக்கு ஒரு டம்ளர் பாயசம்

ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் கண்ணுசாமி இருபத்தொரு வருடம் சமையல்காரராக இருந்தார். போர் போட வண்டி சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று எங்கே போனாலும் அவருடைய அண்டாவும் அடுப்பும் கூடவே போகும். பதினான்கு பேருக்கு மூன்று வேளைச் சாப்பாடு. தண்ணீர் பீச்சியடித்த நாளில் அரிசிப் பாயசமும் உண்டு. இடுப்பு வலி தாங்காமல் வீடு திரும்பி ஆறு மாதமாகிறது. ஊராருக்கெல்லாம் ஆக்கிப்போட்ட மனிதர் சொந்த வீட்டில் வெந்நீர்கூட வைத்ததில்லை. மனைவி செல்லாயி அடுப்படிக்குள் விட்டால்தானே!

போன வாரம் அவளுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. அடுப்புப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கறுப்புக் கண்ணாடியோடு கட்டிலில் கிடந்தவளுக்கு நாக்கு செத்துப்போயிருந்தது.

"ஏனுங்க, பாயசம் வெப்பேன் பாயசம் வெப்பேன்னு பீத்திக்குவீங்களே, எனக்குங் கொஞ்சம் வெச்சுக் குடுங்க பாக்கலாம்" என்றாள்.

கண்ணுசாமி அடுப்படிக்குள் நுழைந்தார். எத்தனையோ பேர் தட்டை வழித்து நக்கியிருக்கிறார்கள். ஆனால் இவள் வாயால் ஒரு தடவை நன்றாயிருக்கிறது என்று கேட்டதில்லை. அது ஒன்றுதான் அவருக்கு இப்போது வேண்டியிருந்தது.

இரண்டே பேருக்கு இரண்டு லிட்டர் பாலை ஊற்றினார். கை அப்படிப் பழகிவிட்டது. பச்சரிசியைக் களைந்து போட்டார். அப்புறம் யோசிக்காமலே மூடியை வைத்து அதன்மேல் குழவிக்கல்லையும் வைத்தார். போர் ஓடும் இடத்தில் கல்தூள் மாவாகப் பறக்கும். மூடாவிட்டால் பாறையும் சேர்ந்து வேகும். ஆனால் அங்கே அண்டாவில் பால் பாதிக்குக் கீழேதான் நிற்கும். இங்கே குண்டா கழுத்துவரை நிறைந்திருந்தது.

மூடி குதித்தது, குழவி உருண்டது, பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் ஓடியது.

"என்னுங்க சத்தம், தண்ணி வந்துருச்சா?" கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"பாலே வந்துருச்சு புள்ள!"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். இவருக்கோ மானம் போயிற்று. அடுப்பைத் துடைத்து, மிஞ்சிய பாலைச் சிறு தீயில் மூடாமல் வைத்து, முக்கால் மணி நேரம் நகராமல் கிளறினார். அரிசி விரலில் மசிந்ததும் இறக்கிவைத்து, சூடு தணியும்வரை காத்திருந்தார். கொதியில் நாட்டுச்சர்க்கரையைப் போட்டால் பால் திரிந்துவிடும் என்பதை அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பிறகு அதையும் தட்டிய ஏலக்காயையும் போட்டார்.

செல்லாயி டம்ளரை வாங்கிக் குடித்தாள். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் என்ன நினைக்கிறாள் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"சக்கர பத்துதா?"

அடியில் ஒட்டிய பருக்கைகளையும் விரலால் வழித்துத் தின்றபின்தான் அவள் வாய் திறந்தாள்.

"இத்தன வருசமா அந்தப் பசங்க இதையா தின்னுட்டிருந்தாங்க?"

"ஆமா புள்ள."

"குடுத்து வெச்சவங்க."

கண்ணுசாமிக்குச் சந்தோஷம்தான், ஆனாலும் அழுகையாக வந்தது.

"நின்னுட்டே இருக்கறீங்க" என்று அவள் டம்ளரை நீட்டினாள். "ஊத்துங்க."